கோப்பு எங்கே போய்ச் சேரும்? வீட்டுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் ஆபிஸ் மென்பொருள் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் போட்டோஸ்டாட் கடையைக் காலை ஆறரைக்கே திறந்துவிடுவேன். ஏழரைக்குப் பள்ளி மணி அடித்துவிடும். அதற்குள் அச்செடுத்துக்கொண்டு ஓட வேண்டிய பிள்ளைகள், அப்பாவின் மோட்டார் பின்னால் உட்கார்ந்து தோட்டத்திலிருந்து வந்து இறங்குவார்கள். போன வருடம் ஒரு திங்கட்கிழமை, ஆறாம் படிவத்துப் பாப்பா ஒருத்தி பென்டிரைவை நீட்டினாள்.

"அங்கிள், இடுபணி. மொத்தம் முப்பத்திரண்டு பக்கம். மூணு செட்."

என் கணினியில் திறந்தேன். முப்பத்தேழு பக்கம் காட்டியது. பொருளடக்கத்தில் ஒன்பதாம் பக்கம் என்று போட்டிருந்த அட்டவணை, பதினொன்றில் பாதியும் பன்னிரண்டில் பாதியுமாக உடைந்து கிடந்தது.

"வீட்ல நல்லாத்தான் இருந்துச்சு அங்கிள்."

வீட்டில் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவள் எழுதியது புது வேர்டில். 2007 முதல் வேர்டைத் திறந்தவுடன் வருகிற எழுத்துரு காலிப்ரி. 2023க்குப் பிறகு அந்த இடத்துக்கு ஆப்டாஸ் வந்துவிட்டது. என் கடையில் இருந்ததோ ஆபிஸ் 2016. அதில் ஆப்டாஸ் கிடையாது. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாகக் கணினி வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டது, அதன் அகலம் வேறு, வரிகள் வழிந்து பக்கங்கள் தள்ளிப்போயின. குறை என் கணினியில்தான். எல்லாவற்றையும் டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றிப் பொருளடக்கத்தைச் சரிசெய்து முடித்தபோது மணி ஏழு இருபத்தைந்து.

"எந்த ஆபிஸ் நல்லது, எது ஓசியில கிடைக்கும்?" என்று கடைக்கு வருகிற பெற்றோர் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை எழுதுகிற கோப்பு எங்கே போய்ச் சேரப் போகிறது? அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை தானே வரிசையில் வந்து நிற்கும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

முதல் படி: ஒரு தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, வீட்டில் கடந்த ஆறு மாதத்தில் யார் என்ன எழுதினார்கள், அது யார் கைக்குப் போனது என்று எழுதுங்கள். தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் இப்படி வரும்: ஐந்தாம் ஆண்டுப் பையனின் பாடப்பணி கூகுள் கிளாஸ்ரூமுக்கு. நான்காம் படிவத்து அக்காவின் வரலாற்று ஃபோலியோ (தொகுப்பேடு) அச்சாகி ஆசிரியர் கைக்கு. பல்கலைக்கழகத்தில் படிக்கிற அண்ணனின் கட்டுரை விரிவுரையாளருக்கு மின்னஞ்சலில். அப்பா கோயில் செயலாளர் என்றால் திருவிழா வரவு செலவு, அழைப்பிதழ். அம்மாவுக்கு வேலை விண்ணப்பம் ஒன்று.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: வாங்குகிறவர் அதைப் படிக்க மட்டும் போகிறாரா, திருத்தவும் போகிறாரா?

படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் போதும். எந்த மென்பொருளில் எழுதினாலும் கவலையில்லை. எழுத்துருவும் பக்க அமைப்பும் கோப்புக்குள்ளேயே உறைந்துவிடும். அந்தப் பாப்பா பிடிஎஃப் கொண்டுவந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கிளம்பியிருப்பாள். வாங்குகிறவர் திருத்துவார், ஓரத்தில் குறிப்பு எழுதுவார், நாலு பேர் சேர்ந்து எழுதுவார்கள் என்றால்தான் மென்பொருள் முக்கியமாகிறது. பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டாவது வகை ஒன்றிரண்டுதான் தேறும். அந்த ஒன்றிரண்டுக்காகத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது?

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு, தமிழ்ப்பள்ளி உட்பட, கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு இருக்கும். 2020 ஜூனில் தொடங்கிய தளம் இது. மாணவரின் அடையாளம் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும், ஆசிரியருடையது 'ஜி'யில். பலர் இதைக் கூகுள் கிளாஸ்ரூம் பார்க்கிற வழி என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே கணக்கில் கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் இருக்கின்றன, மைக்ரோசாப்ட் 365 இருக்கிறது, படம், சுவரொட்டி வடிவமைக்கிற கேன்வாவும் இருக்கிறது. கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் முதலில் வகுப்பாசிரியரிடம் கேட்டு அதை மாற்றி வாங்குங்கள். காசு செலவழிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

பல்கலைக்கழகத்துப் பிள்ளைக்கும் இதேதான். கல்வி நிலையம் தருகிற மின்னஞ்சலை வைத்து மைக்ரோசாப்டின் கல்விக்கான பக்கத்தில் நுழைந்து பாருங்கள். உலாவியில் ஓடுகிற வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் இலவசமாகக் கிடைக்கலாம். கணினியில் நிறுவிக்கொள்ளும் உரிமமும் சேர்ந்து கிடைக்குமா என்பது அந்த நிலையம் எந்தத் திட்டம் வாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பதிவுநாளில் கொடுத்த மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காமல், புது லேப்டாப்போடு சேர்த்து ஆபிஸும் காசு கொடுத்து வாங்கி வந்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். ஓவர்டைம் காசு.

ஒரு எச்சரிக்கை. பள்ளிக் கணக்கும் பல்கலைக்கழகக் கணக்கும் நமக்குச் சொந்தமில்லை. படிப்பு முடிந்தால் அது போய்விடும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்த கையோடு அதிலுள்ள கோப்புகளைச் சொந்தக் கணக்குக்கோ பென்டிரைவுக்கோ இறக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: கணினியும் லைனும்

ஊருக்குள் தாமான் வீடுகளில் பைபர் வந்துவிட்டது. தோட்டத்து வீடுகளில் பலருக்கு இன்றும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான், அதுவும் செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு கோடு காட்டும், மழை வந்தால் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் உலாவியில் மட்டுமே ஓடுகிற மென்பொருளை நம்பி இருக்கக் கூடாது. கூகுள் டாக்ஸுக்கு இணையமில்லாமல் எழுதுகிற வசதி உண்டு. குரோம் அல்லது எட்ஜ் உலாவியில், லைன் இருக்கும்போதே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். லைன் போன பிறகு தேடினால் கிடைக்காது. ஆக, வீட்டில் லைன் சரியில்லை என்றால் கணினியில் நிறுவுகிற மென்பொருள் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கணினியைப் பொறுத்தவரை மைக்ரோசாப்ட் 365க்கு 4 ஜிபி நினைவகமும் 4 ஜிபி வட்டு இடமும் குறைந்தபட்சம் கேட்கிறார்கள். 4 ஜிபியில் அது ஓடும். கூடவே குரோமில் பத்து பக்கம் திறந்திருந்தால் மூச்சு வாங்கும். இலவச ஆபிஸ் மென்பொருளான லிப்ரெஆபிஸுக்கு 1.5 ஜிபி வட்டு இடம் போதும், பழைய லேப்டாப்பிலும் நகரும். ஆனால் அதன் 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டிலும் ஓடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். லிப்ரெஆபிஸ் அதில் கூடவே வந்துவிடும். என் கடையில் பிள்ளைகள் உட்காருகிற கணினி அப்படித்தான் ஓடுகிறது. இதுவரை ஒருத்தரும் இது விண்டோஸ் இல்லையே என்று கேட்கவில்லை.

டேப்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். மைக்ரோசாப்டின் வேர்ட், எக்செல் செயலிகள் 10.1 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள திரையில் இலவசமாகத் திருத்த விடும். அதற்கு மேலே போனால் சந்தா கேட்கும். இங்கே பல பிள்ளைகளின் கையில் இருப்பது 10.5 அங்குலம். கைப்பேசியில் திருத்த முடிகிறது, டேப்லட்டில் முடியவில்லை என்று குழம்பி வருகிறவர்களுக்குக் காரணம் இந்த அரை அங்குலம்தான். அதில் கூகுள் டாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எது யாருக்கு?

கூகுள் டாக்ஸ். நாலு பேர் சேர்ந்து ஒரு இடுபணி செய்வதற்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. யார் எப்போது எதை அழித்தார்கள் என்று பதிப்பு வரலாறு காட்டிக் கொடுத்துவிடும். குழுவில் வேலை செய்யாத தம்பியும் அதில் மாட்டிக்கொள்வான். சொந்தக் கணக்கில் 15 ஜிபி இலவசம், ஆனால் ஜிமெயிலும் படங்களும் அதே 15க்குள் அடங்க வேண்டும். பலவீனம் நீளமான, கட்டுக்கோப்பான ஆவணத்தில் தெரியும். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், உள்ளே சாதாரண எண் என்று போக ஆரம்பித்தால் வேர்டும் லிப்ரெஆபிஸும்தான் கைகொடுக்கும்.

லிப்ரெஆபிஸ். வீட்டுக் கணினிக்கு நான் முதலில் போட்டுத்தருவது இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எழுத ரைட்டர், கணக்குக்குக் கல்க், படக்காட்சிக்கு இம்ப்ரெஸ். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் திறக்கச் சொல்லாது, லைன் தேவையில்லை. இதன் தாய் ஓபன்ஆபிஸ். 2010இல் அதிலிருந்து பிரிந்து வந்தது. தாய் இன்னும் அப்பாச்சி ஓபன்ஆபிஸ் என்ற பெயரில் இருக்கிறது, பழைய பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் அதைத் தேடி இறக்கிவிடுகிறார்கள். அது இன்றைய வேர்ட் கோப்பைத் திறக்கும், அதே வடிவத்தில் திரும்பச் சேமிக்காது. ஆகவே பெயர் பார்த்து இறக்குங்கள்.

நிறுவியவுடன் நான்கு காரியம் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் லிப்ரெஆபிஸ் சரியில்லை என்று திரும்பி வருகிறார்கள்.

1. டூல்ஸ் பட்டியலில் ஆப்ஷன்ஸ், அதில் லோட்/சேவ், அதற்குள் ஜெனரல். அங்கே எப்போதும் எந்த வடிவத்தில் சேமிக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் வேர்ட் ஆவணத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அது தன் சொந்த வடிவமான ஓடிடியில் (.odt) சேமிக்கும். அதுவும் 2006லேயே ஐஎஸ்ஓ தரம் வாங்கிய வடிவம்தான், ஆனால் கைப்பேசியில் திறந்து பார்க்கிற ஆசிரியருக்கு அந்தக் கதை வேண்டாம். எக்செலுக்கும் பவர்பாயிண்டுக்கும் அதே இடத்தில் அதேபோல் மாற்றுங்கள்.

2. வியூ பட்டியலில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் டேப்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியில் வேர்ட் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு முகம் தெரிந்த மாதிரி இருக்கும்.

3. ஆப்ஷன்ஸில் மொழிக்கான பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஏன் என்று தமிழ் பற்றிய படியில் சொல்கிறேன்.

4. எழுத்துரு. வேர்டில் காலிப்ரியில் எழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இங்கே திறந்தால் கார்லிட்டோ வந்து உட்காரும்; கேம்ப்ரியாவுக்குக் கலேடியா. ஒவ்வோர் எழுத்தின் அகலமும் அசலுக்குச் சமமாக இருக்கும்படி வரையப்பட்டவை, அதனால் வரிகள் நகராது. டைம்ஸ், ஏரியலுக்கும் அப்படியே லிபரேஷன் எழுத்துருக்கள் இருக்கின்றன. ஆப்டாஸுக்கு அப்படி ஒரு ஜோடி இதில் இல்லை. பல இடத்துக்கு அலையப்போகிற கோப்பு என்றால் ஆப்டாஸ் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேர்ட் உலாவியில். மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்று இருந்தால் போதும், 5 ஜிபி சேமிப்போடு இலவசம். லைன் வேண்டும். விரிவுரையாளர் வேர்டிலேயே திருத்தி அனுப்புகிறார், பிள்ளையிடம் லிப்ரெஆபிஸ்தான் இருக்கிறது என்றால், கடைசித் திருத்தத்தை இதில் திறந்து ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புவது நல்ல பழக்கம்.

டபிள்யூபிஎஸ். சீனாவின் கிங்சாப்ட் நிறுவனத்துடையது. வேர்டைப் போலவே தோற்றம், கைப்பேசியில் பரவலாக இருக்கிறது. இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், சில வசதிகளைத் தொட்டால் காசு கேட்கும். கைப்பேசியில் கோப்பைத் திறந்து பார்க்கச் சரி. பத்து வயதுப் பிள்ளை உட்காருகிற கணினியில் நான் போடமாட்டேன், அது என் பிடிவாதம்.

ஒன்லிஆபிஸ். வேர்டின் கோப்பு வடிவத்தையே தன் சொந்த வடிவமாக வைத்துக்கொண்டு வேலை செய்வது. கணினியில் இலவசமாக நிறுவலாம். ஆங்கிலம், மலாயில் மட்டும் எழுதுகிறவருக்கு நல்ல தேர்வு. தமிழ் எழுதுவதென்றால் அண்மைப் பதிப்பைப் போட்டு, 'கொ', 'ஸ்ரீ' எல்லாம் ஒழுங்காகச் சேர்கின்றனவா என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தமிழ்

இதில்தான் என் கடையில் நேரம் போகிறது.

சென்ற தைப்பூசத்துக்கு முன் கோயில் செயலாளர் ஐயா ஒருவர் பழைய அழைப்பிதழைத் திருத்தி அச்சடிக்க வேண்டும் என்று வந்தார். பென்டிரைவில் இருபது வருடத்துக் கோப்பு. திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, ஆங்கில எழுத்தும் புள்ளியும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. "தம்பி, வைரஸ் பூந்துடுச்சா?" என்றார். வைரஸ் இல்லை. அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினி அப்படி ஒன்று. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் குப்பை. அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தருகிற இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. அதில் ஒட்டி எடுத்து, பெயர்களையும் எண்களையும் மட்டும் கண்ணால் சரிபார்த்தால் வேலை முடிந்தது. ஐயாவின் கோப்பில் உபயகாரர் பட்டியல்தான் பாடாய்ப் படுத்தியது. ஆங்கில முன்னெழுத்துகள் எல்லாம் தமிழாக மாறி, ஆளையே மாற்றிவிட்டன.

ஆகவே எந்த மென்பொருள் எடுத்தாலும் தமிழை ஒருங்குறியில் மட்டும் எழுதுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அமைப்புகளில் மொழிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் கூடவே கிடைக்கும். ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டிப் பழகியவர்கள் அஞ்சல் எடுத்துக்கொள்ளலாம். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் 99 சொல்லிக்கொடுங்கள். 1999 சென்னை மாநாட்டையொட்டி உருவானது, விசைத் தட்டல் குறைவு, வேகம் வரும். கைப்பேசியில் செல்லினம் இருக்கிறது. முரசு அஞ்சல், செல்லினம், மேக் கணினிகளில் கூடவே வருகிற இணைமதி எழுத்துரு எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பவர் நம் நாட்டவர் முத்து நெடுமாறன். தட்டச்சு செய்யவே சோம்பலாக இருந்தால் கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சு தமிழிலும் வேலை செய்யும். வடிவேலு மாதிரி பேசாமல் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினால் நன்றாகவே எழுதும்.

அடுத்தது லதா. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து தமிழாசிரியர்களின் கேள்வித்தாள்கள் எல்லாம் லதாவில்தான். ஆனால் விண்டோஸ் 10லிருந்து லதாவும் விஜயாவும் தாமாக வருவதில்லை; நிர்மலா மட்டும்தான் இருக்கும். அதனால் ஆசிரியர் அனுப்பிய லதா கோப்பு, வீட்டுக் கணினியில் நிர்மலாவில் திறந்து, பக்கம் மாறிவிடும். அமைப்புகளில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற பகுதியில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைத் தேடிச் சேர்த்தால் லதா வந்துவிடும், காசில்லை. ஐந்து நிமிட வேலை.

லிப்ரெஆபிஸில் தமிழை இயக்கச் சொன்னேன் அல்லவா? அந்த மென்பொருள் ஆங்கில எழுத்துக்கு ஒரு எழுத்துருவும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேறொரு எழுத்துருவும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. ஸ்டைலில் போய் அளவை 14 என்று மாற்றுவீர்கள், ஆங்கிலம் பெருக்கும், தமிழ் அப்படியே 12இல் நிற்கும். பக்கத்தில் உள்ள இன்னொரு தாவலில் தமிழுக்கும் மாற்ற வேண்டும். அந்தத் தாவல் கண்ணில் பட வேண்டுமென்றால் அந்த அமைப்பு இயக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: காசு கொடுக்க வேண்டியது யார்?

சிலர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கணக்கியல், புள்ளியியல் படிக்கிற பிள்ளைக்குப் பாடத்திலேயே எக்செலின் சால்வர் (விடை தேடித் தருவது), மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) என்று வரும். கல்கிலும் சால்வர் இருக்கிறது, ஆனால் விரிவுரையாளர் காட்டுகிற திரையும் தன் திரையும் ஒன்றாக இல்லாவிட்டால் பிள்ளை தவித்துப்போகும். மேக்ரோ உள்ள எக்செல் கோப்பு வேறு மென்பொருளில் ஒழுங்காக ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது, கூகுள் ஷீட்ஸில் ஓடவே ஓடாது. ஆய்வேடு எழுதுகிறவர்கள் மேற்கோள் மென்பொருளையும் பார்க்க வேண்டும்: சொட்டேரோ வேர்ட், லிப்ரெஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றோடும் சேரும், மெண்டலேயின் இன்றைய சைட் இணைப்பு வேர்டுக்கு மட்டும்.

காசு கொடுப்பதென்று முடிவானால் இரண்டு வழி.

சந்தா: மைக்ரோசாப்ட் 365 பெர்சனல் ஒருவருக்கு, 1 டிபி சேமிப்போடு. ஃபேமிலி ஆறு பேர் வரை, ஆளுக்கு 1 டிபி. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேருக்கு மேல் என்றால் பெர்சனலைத் தொடவே வேண்டாம். கணக்குப் போட்டால் ஃபேமிலிதான் மலிவு. 2024 இறுதியில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரை உள்ளே சேர்த்து விலையை உயர்த்தினார்கள். அது முதலில் வந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சந்தா முடிந்துவிட்டால் கோப்பு அழியாது, திறந்து பார்க்கலாம், அச்செடுக்கலாம், திருத்த மட்டும் விடாது.

ஒரே தடவை வாங்குவது: ஆபிஸ் ஹோம் 2024. ஒரு கணினிக்கு மட்டும். வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், ஒன்நோட். 2029 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு. லைன் சரியில்லாத வீட்டில், நாலு வருடப் படிப்புக்கு, ஒரே லேப்டாப்புக்கு என்றால் இது பொருத்தமான கணக்கு. பழைய 2016, 2019 பதிப்புகளை இப்போது யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள், இரண்டுக்கும் 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்துவிட்டது. 2021 பதிப்புக்கு 2026 அக்டோபர் 13 வரைதான்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதில் நானே விழுந்திருக்கிறேன். இணைய அங்காடி ஒன்றில் பதினைந்து வெள்ளிக்கு "வாழ்நாள் உரிமம்" என்று போட்டிருந்தார்கள். கடைக்கு இரண்டு வாங்கினேன். எட்டாவது மாதம் இரண்டும் செத்துப்போயின, விற்றவனின் பக்கமும் காணோம். இப்படி விற்கப்படுபவை பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து கசிந்தவை; அங்கே முடக்கினால் இங்கே நின்றுவிடும். சாவிக்குப் பதில் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் அனுப்பினால் அதைவிட மோசம். அந்தக் கணக்கை நிர்வகிப்பவன் யாரென்றே தெரியாது, அதில் நீங்கள் சேமிக்கிற அடையாள அட்டை நகலும் சம்பளச் சீட்டும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கிராக் செய்த ஆபிஸ் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. அதைப் போட்ட லேப்டாப்பிலிருந்து வருகிற பென்டிரைவை நான் என் கணினியில் செருகுவதே இல்லை.

ஏழாம் படி: ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள்

தேர்ந்தெடுத்ததை நிறுவி, வீட்டிலுள்ள பழைய கோப்புகளில் மூன்றை எடுங்கள். ஒன்று, அட்டவணையும் படமும் பொருளடக்கமும் உள்ள நீளமான கோப்பு. ஒன்று, தமிழும் ஆங்கிலமும் கலந்தது. ஒன்று, சூத்திரம் போட்ட கணக்குத்தாள். மூன்றையும் திறந்து, ஒரு வரி மாற்றி, வேர்ட், எக்செல் வடிவத்தில் சேமித்து, வேறொருவர் கணினியில் திறந்து பாருங்கள். பக்க எண்ணிக்கை, அட்டவணையின் ஓரம், தமிழ் எழுத்தின் அளவு, கூட்டுத்தொகை. இந்த நான்கும் மாறாமல் இருந்தால் அந்த மென்பொருள் உங்களுக்குப் போதும். மாறினால் எது மாறியது என்று குறித்துக்கொண்டு மேலே உள்ள எழுத்துருப் படிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மென்பொருளை மாற்றலாம்.

வேறு கணினியில் திருத்தப்படப்போகிற கோப்பென்றால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்துவிடலாம். வேர்டில் ஆப்ஷன்ஸுக்குள் சேவ் பகுதியில் இருக்கிறது; லிப்ரெஆபிஸில் ஃபைல் பட்டியலின் ப்ராப்பர்ட்டீஸில் எழுத்துருத் தாவல். கோப்பு கொஞ்சம் பெருக்கும், வாட்ஸ்அப்பில் போகிற அளவுக்குள்தான் இருக்கும்.

கடைக்கு அச்செடுக்க வரும்போது பிடிஎஃப் ஒன்றும் மூலக்கோப்பு ஒன்றும் கொண்டுவாருங்கள். முதலாவதை அச்சடிப்பேன், கடைசி நேரத்தில் பெயரில் எழுத்துப்பிழை என்றால் இரண்டாவதைத் திறப்பேன். பென்டிரைவ் இல்லாமல் என் கணினியில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்தால், போகும்போது வெளியேறிவிட்டுப் போங்கள். நேற்றுகூட ஒரு தம்பி அப்படியே விட்டுப் போய்விட்டான். அவனுடைய பிறப்புப் பத்திரத்திலிருந்து எஸ்பிஎம் முடிவு வரைக்கும் திரையில் வரிசையாக நின்றன. நான்தான் வெளியேற்றிவிட்டு அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன்.